கமரா கண்டது பெரட்டுக்களத்துக்குத் தெரிய வேண்டும்

மலையகத் தோட்டங்களில் சிறுத்தைப் பாதுகாப்பும் தொழில்நுட்பமும்: எமது நிலைப்பாடு

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை பகுதிகளில் கொழுந்து பறிக்கும் பெண்களும் சிறுத்தையும் ஒரே மலையில்தான் நடமாடுகிறார்கள். அந்தச் சிறுத்தையை அறியவும் காக்கவும் தானியங்கிக் கமரா, செய்மதிப் படம், ஜீ.பி.எஸ். கழுத்துப்பட்டி என்று பல கருவிகள் வந்துவிட்டன. அவற்றை மனதார வரவேற்கிறோம். அதோடு ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம்: காட்டுத் தொங்கலில் கட்டிய கமரா எதைக் கண்டதோ, அது அன்றைக்கே, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும் தொழிலாளிக்குச் சொல்லப்பட வேண்டும். சொல்லப்படாத அறிவு சிறுத்தையையும் காக்காது, தொழிலாளியையும் காக்காது.

யானையை இழந்த மலை

இந்த மலைகளில் ஒரு காலத்தில் யானைகள் இருந்தன. கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்ட 19ஆம் நூற்றாண்டில் அவை வேட்டையாடித் தீர்க்கப்பட்டன. யானையைக் கொன்றவர்களுக்கு அன்றைய அரசே சன்மானம் கொடுத்தது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற அதிகாரி ஒருவர் மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. இன்று ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர் மரைகளைப் பார்க்கலாம். யானையைப் பார்க்க முடியாது.

அந்தக் கோப்பிக் காலத்தில்தான் எங்கள் மூதாதையரும் தென்னிந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டார்கள். காடழிந்த கதையும் எங்கள் கதையும் ஒன்றாகவே தொடங்கின. யானை போய்விட்டது; இம்மலையின் உச்ச வேட்டை விலங்கான சிறுத்தை இன்னும் எஞ்சி நிற்கிறது. இலங்கையில் மட்டுமே வாழும் இந்தத் துணையினத்தில் முதிர்ந்தவை நாடு முழுவதிலும் ஆயிரத்துக்கும் குறைவு என்பது ஆய்வாளர் மதிப்பீடு. யானைக்கு நேர்ந்தது இதற்கும் நேரக் கூடாது.

2020 மே மாதம்

2020 மே 26 அன்று நல்லதண்ணி பகுதியில் லக்ஷபான தோட்டத்தின் வாழைமலைப் பிரிவில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் சிக்கியது. உயிருடன் மீட்டு உடவளவை யானைகள் இடைத்தங்கல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து அது இறந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், மத்திய மலைப் பகுதியில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கமராவில் கருஞ்சிறுத்தை உயிரோடு பதிவாகி நாடே மகிழ்ந்திருந்தது. கமராவுக்குக் கருஞ்சிறுத்தை அகப்பட்டது, கம்பி அகப்படவில்லை.

இப்படிப்பட்ட சுருக்குக் கம்பி பெரும்பாலும் வாகனத்துப் பிரேக் கேபிள்தான். மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில், பன்றி வரும் ஒற்றையடிப் பாதையில், ஒரு சாண் உயரத்தில் வளையமாகத் தொங்கும். மறுமுனை மரத்தில் கட்டியிருக்கும். அதே பாதையில்தான் சிறுத்தையும் வருகிறது. உள்ளே நுழைந்தது திமிறத் திமிற, கழுத்திலோ இடுப்பிலோ கம்பி இறுகும். வெளியே சிறு கீறல்தான் தெரியும்; உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும். மீட்ட பிறகும் சிறுத்தைகள் இறப்பது இதனால்தான்.

அறிவியல் சொல்வது

அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோரின் ஆய்வுக் குழு டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கங்களில் பல ஆண்டுகளாகக் கமரா வைத்து வருகிறது. பாதையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு கமராக்களைக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளிக் கோலம் வேறு. ஒரே சிறுத்தைக்கும் இடப்பக்கக் கோலம் வேறு, வலப்பக்கக் கோலம் வேறு. இரண்டும் கிடைத்தால்தான் புதிதாக வந்தது எது, திரும்பி வந்தது எது என்று பிரிக்க முடியும். அப்படிப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது: சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து வழிதவறி வந்த விருந்தாளிகள் அல்ல இவை. தோட்டங்களுக்கு நடுவே விட்டுவைத்த காட்டுத் துண்டுகளிலும் ஓடைக்கரைகளிலும் மலைமுகடுகளிலும் நிலையாக வாழ்ந்து, குட்டி போட்டு வளர்ப்பவை.

ஆகவே சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விடுவதைத் தீர்வாக நாங்கள் ஏற்கவில்லை. ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வரும்.

யானை ஆய்விலிருந்தும் ஒரு பாடம் உண்டு. இலங்கை முழுவதையும் 25 சதுர கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, அங்கங்கே வாழும் மக்களிடம் கேட்டே யானை நடமாடும் இடங்களை ஆய்வாளர்கள் வரைபடமாக்கினார்கள். நாட்டின் சுமார் 60 சதவீத நிலத்தில் யானை உண்டு என்றும், அதில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. ஊரார் சொன்னது அங்கே ஆதாரமானது. லயங்களில் (தோட்டக் குடியிருப்புகளில்) வாழ்பவர்கள் சொல்வது இங்கேயும் ஆதாரமாக வேண்டும்.

வால்பாறை காட்டிய வழி

தமிழ்நாட்டின் வால்பாறையும் தேயிலை மலைதான். அங்கும் கொழுந்து பறிப்பவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே யானை நிற்பது தெரியாமல் எதிரே போனவர்கள் என்று ஆய்வு காட்டியது. அதன்பின் ஆனந்தகுமார் தலைமையிலான ஆய்வுக் குழு, யானை எங்கே நிற்கிறது என்பதை உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடவிட்டது. 2011 முதல் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியது. கைத்தொலைபேசி அழைப்பில் எரியும் சிவப்பு விளக்குகளை உயரக் கம்பங்களில் பொருத்தியது. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யானை. உயிரிழப்பு குறைந்தது.

சிறுத்தை யானையைப் போலக் கூட்டமாக வெளியில் நிற்பதில்லை. மணிக்கு மணி அதன் இருப்பிடத்தைச் சொல்ல முடியாது. துல்லியமாகச் சொன்னால் வேட்டைக்காரருக்கும் அது வழிகாட்டிவிடும். ஆகவே "இன்ன இலக்க மலையில் குட்டியோடு தாய் இருக்கிறது, இந்த வாரம் அங்கே இறங்க வேண்டாம்" என்ற அளவில் சொன்னால் போதும். எச்சரித்தால் மக்கள் பீதியடைவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பீதியை வளர்ப்பது வதந்தி. ஒழுங்காக வரும் செய்தி அதை அடக்கும்.

நாங்கள் கோருவது

1. தோட்டத்தில் கமரா வைக்கும் எவரும், திணைக்களமாயினும் ஆய்வாளராயினும் கம்பனியாயினும், தொழிலாளருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கை தரும் ஏற்பாட்டோடுதான் வைக்க வேண்டும். கைத்தொலைபேசி இல்லாதவருக்காகக் காலையில் பெரட்டுக்களத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

2. எச்சரிக்கையால் ஒரு மலை மூடப்பட்டால் வேறு மலையில் வேலை தர வேண்டும்; முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) போட வேண்டும். அரைப்பேர் ஆகிவிடும் என்ற பயம் இருக்கும்வரை எந்த எச்சரிக்கையும் பலிக்காது.

3. காட்டுத் தொங்கல்களில் வாரம் ஒருமுறை சுருக்குக் கம்பி தேடி அகற்றுவது சம்பளத்தோடு கூடிய வேலையாக வேண்டும். பன்றியால் மரக்கறி அழிந்தவர்களுக்கு வேலி அமைக்க உதவி வேண்டும். தண்டனையை மட்டும் நம்பினால் கம்பி இன்னும் ஆழமான மறைவுக்குப் போகும்.

4. பராமரிப்பின்றிக் காடாகிக் கிடக்கும் தேயிலையைக் கம்பனிகள் துப்புரவாக்க வேண்டும். லயங்களில் குப்பை அகற்றப்பட வேண்டும். குப்பைக்கு நாய் வரும். நாய்க்குச் சிறுத்தை வரும்.

5. மயக்க ஊசி, மிருக வைத்தியர், வாகனம் மூன்றும் கொண்ட மீட்புக் குழு எந்நேரமும் நுவரெலியா மாவட்டத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

6. தோட்டத்து இளைஞர்கள் கள ஆய்வாளர்களாகப் பயிற்றப்பட்டு, சம்பளம் பெற வேண்டும். முடிவுகள் தமிழிலும் வெளிவர வேண்டும்.

எங்கள் பங்கு

கம்பி கட்டுகிறவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். அதை மறைக்கவில்லை. எமது உறுப்பினர் எவரும் சுருக்கு வைக்கக் கூடாது, வைப்பதற்குத் துணைபோகக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறோம். பாடசாலைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இதைப் பேசுவோம்.

தோட்டத்து மக்களே, சுருக்குக் கம்பியைக் கண்டால் அவிழ்த்து எடுத்துவிடுங்கள். சிக்கிய சிறுத்தையைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் சேர விடாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்த நிமிடத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது.