எழுநூற்றைம்பது கிலோ கடலை மிட்டாய்!

எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் சிரிக்காதவர்கள் குறைவு. எப்போதும்வென்றான்! மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற நெடுஞ்சாலையில், எட்டயபுரம் தாண்டி வருகிற கரிசல்காட்டு ஊர். "பேரிலேயே ஜெயம் இருக்கே, உங்களுக்கென்ன குறை?" என்பார்கள். 2024 தீபாவளிக்கு முன்னால் எட்டு நாட்கள், பதினொரு பெண்கள் நாங்கள் ஒரு சின்னக் கட்டத்துக்குள் போட்ட எண்ணிடம் தோற்றுப் போய் உட்கார்ந்திருந்த கதை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் மகளிர் குழு கடலை மிட்டாய், எள்ளுருண்டை, குதிரைவாலி முறுக்கு செய்து விற்கிறது. 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்ற பெயரை நாங்கள் போடுவதில்லை. 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பதிவு பெற்ற உற்பத்தியாளர்கள்தான் அந்தப் பெயரை உபயோகிக்கலாம். அண்ணன் மகள் ஆசையாகப் போட்டு வைத்திருந்ததை நான்தான் எடுக்கச் சொன்னேன். நம்ம சரக்கு நம்ம பேரிலேயே விற்கட்டும், என்ன குறைந்துவிட்டது?

கடைத்தெருவில் விற்றது போக மிச்சத்தை வெளியூருக்கு அனுப்பலாமே என்று அண்ணன் மகள் ஒரு இணையக் கடை போட்டுக் கொடுத்தாள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது. 2003-ல் வந்தது, காசு கிடையாது. அதன் உள்பக்கத்துக்கு 'டாஷ்போர்டு' என்று பெயர். வாசகர் பார்ப்பது கடையின் முன்புறம் என்றால், இது கல்லாப்பெட்டியும் கணக்கு நோட்டும் இருக்கிற பின்கட்டு. எத்தனை ஆர்டர், எவ்வளவு சரக்கு, என்ன விலை, எல்லாம் இங்கேதான்.

"அப்போ பிளக்-இன்னுன்னா என்னடி?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அத்தை, மிக்ஸி வாங்கினா ஒரு மோட்டார்தானே? சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார், ஜூஸுக்கு ஒரு ஜார் மாட்டுறீங்கள்ல? அது மாதிரி" என்றாள்.

இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. 2004-லிருந்து வேர்ட்பிரஸில் இப்படி ஜார் மாட்டும் வசதி இருக்கிறது. இப்போது இலவசமாகக் கிடைப்பவையே ஏறத்தாழ 60,000! எங்கள் கடைக்கு மாட்டியது மூன்றுதான். விற்பனைக்கு 'வூகாமர்ஸ்' (இது 2011-ல் வந்தது), எடைக்குத் தகுந்தபடி தபால் கூலி போட ஒன்று, பண்டத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்ட ஒன்று. 'நிறுவு' என்று ஒரு பொத்தான், பிறகு 'செயல்படுத்து' என்று ஒரு பொத்தான். ஜார் மாட்டியாயிற்று. ஆனால் சகோதரிகளே, மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். அங்கேதான் என் கைவரிசையைக் காட்டினேன்.

தபால் கூலிக்கு அண்ணன் மகள் அமைத்திருந்தது இப்படி: தமிழ்நாடு ஒரு மண்டலம், மற்ற மாநிலங்கள் இன்னொரு மண்டலம். தமிழ்நாட்டுக்கு அடிப்படைக் கூலி 40 ரூபாய், அதற்கு மேல் கிலோவுக்கு 60 ரூபாய். மண்டலங்களை எழுதும் வரிசையும் முக்கியம். மென்பொருள் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். 'இந்தியா' என்பதை மேலே போட்டுவிட்டால் மதுரைக்காரர்களும் டில்லிக் கூலி கொடுக்க வேண்டியதுதான். அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள்.

தீபாவளிக்கென்று மூன்று பண்டமும் சேர்த்து முக்கால் கிலோவில் ஒரு பெட்டி தயார் செய்தோம். விலை 320 ரூபாய். அறுபது பெட்டி. ஐப்பசி மழை விழுந்து கரிசலில் களைவெட்டுக்கு ஆள் தேடுகிற நேரம் அது. குழுப் பெண்கள் அந்தக் கூலியை விட்டுவிட்டு வந்து அடுப்படியில் நின்றார்கள். அக்டோபர் 14-ம் தேதி அண்ணன் மகள் வெளியூர் போயிருந்தாள். "நானே ஏத்துதேன்" என்று உட்கார்ந்தேன். பெயர், விலை, படம் எல்லாம் போட்டாயிற்று. 'எடை' என்று ஒரு கட்டம். பெட்டியின் மேல் '750 கிராம்' என்று அச்சாகியிருந்தது. 750 என்று அடித்தேன். சேமித்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆர்டர் வரவில்லை.

ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. "சனங்களுக்குக் காசு நடமாட்டம் இல்லை போல" என்றாள் ஒருத்தி. "படம் சரியில்லை மதினி" என்றாள் இன்னொருத்தி. ஈரக்காற்றில் வெல்லப் பண்டம் கசிய ஆரம்பிக்கும். வறுத்த கடலை நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். பெட்டிகளை இரட்டை உறைக்குள் போட்டுக் கட்டி, தினமும் ஒன்றைப் பிரித்து ருசி பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

22-ம் தேதி சென்னையிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார்.

"ஏம்மா, 320 ரூபாய்ப் பெட்டிக்கு 45,040 ரூபாய் தபால் செலவு காட்டுதே, பெட்டிகூட ஆளும் சேர்ந்து வருவாரா?"

எனக்குத் தலை சுற்றியது! அண்ணன் மகள் ஓடி வந்தாள். இப்படித் தகராறு வந்தால் முதலில் செய்வது, பிளக்-இன்களை ஒவ்வொன்றாக அணைத்து, குற்றவாளி எது என்று பார்ப்பது. வீட்டில் ஃபியூஸ் போனால் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்க்கிறோமே, அதே முறை. அணைத்தாள், போட்டாள், அணைத்தாள், போட்டாள். எந்தப் பிளக்-இன்னும் குற்றவாளி இல்லை. கடைசியில் எடைக் கட்டத்தைப் பார்த்தாள். அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'கிலோ' என்று இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது! 750 கிலோ கடலை மிட்டாய்க்குக் கிலோவுக்கு 60 வீதம் 45,000, அடிப்படைக் கூலி 40. மென்பொருள் கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை.

"அப்படின்னா அந்தக் கிலோவைக் கிராம்னு மாத்திடேன்" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி. அமைப்புகளில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. மாற்றிப் பார்த்தாள். அப்போதும் 45,040-தான்! அலகின் பெயர் மாறியதே தவிர, எண்கள் ஒன்றும் மாறவில்லை. எங்கள் கூலிப் பிளக்-இன் எண்ணை மட்டுமே பார்த்துப் பெருக்குகிறது. படிக்கல்லின் மேல் எழுதியிருப்பதை அழித்து வேறு எழுதினால் கல்லின் கனம் மாறுமா? அதோடு, முன்பே ஏற்றியிருந்த 200 கிராம் பாக்கெட்டுகள் எல்லாம் 0.2 என்று இருந்தன. அவை இப்போது கால் கிராம்கூட இல்லாத பாக்கெட்டுகளாகிவிட்டன! மறுபடியும் கிலோவுக்கே திருப்பிவிட்டு, தீபாவளிப் பெட்டியின் எடையை 0.75 என்று திருத்தினாள். கூலி 85 ரூபாய் என்று காட்டியது.

அன்று மாலைக்குள் ஒன்பது ஆர்டர். தீபாவளி 31-ம் தேதி வியாழக்கிழமை. அதற்குள் போய்ச் சேர வேண்டுமே! அறுபதில் நாற்பத்தொன்றைத் தபாலில் அனுப்பினோம். பாக்கியை விலை குறைத்து ஊரிலேயே விற்றோம். நஷ்டத்தை என் பங்கில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். குழுத் தலைவி மதினி கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை வெறும் வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து, பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், "எக்கா, இந்தச் சீட்டைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். மதுரை ஆர்டர் ஒன்று. குதிரைவாலி முறுக்கு மட்டும் நான்கு பாக்கெட். வாங்குகிறவர்கள் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதியிருந்தது: 'பையனுக்கு நிலக்கடலை ஆகாது. அதனால் இது மட்டும் போதும்.'

எங்கள் முறுக்கு கடலெண்ணெயில் பொரித்தது. கடலை வறுக்கிற அதே அடுப்படியில் செய்தது.

பக்கத்தில் அந்த எச்சரிக்கை இருந்திருக்க வேண்டுமே என்று திறந்து பார்த்தால், இல்லை. ஃபியூஸ் தேடிய அன்று அணைத்த சுவிட்சுகளில் ஒன்றைத் திரும்பப் போட மறந்துவிட்டோம். 'என்னென்ன கலந்திருக்கிறது' என்று காட்டுகிற மூன்றாவது பிளக்-இன் அது. எழுதி வைத்ததெல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. அணைத்தால் அழிந்துவிடாது, நீக்கினால்தான் அநேகமாகப் போகும். ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு நாளில் பதினேழு ஆர்டர்!

நிலக்கடலை ஒவ்வாமையை 'வயிற்றுக்குச் சேரலை' என்கிற மாதிரி லேசாக நினைத்துவிடக் கூடாது. சிலருக்குத் துளி போதும். உதடும் கண்ணும் வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், வாந்தி வரும். சில நிமிஷங்களிலேயே தொண்டை அடைத்து மூச்சுத் திணறல் வந்து மயங்கி விழலாம். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமில்லை அது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் வருஷத்து லேபிள் விதிகளில் பால், முட்டை, மீன், சோயா, கோதுமை இவற்றோடு நிலக்கடலையையும் பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிடச் சொல்லியிருப்பது சும்மா இல்லை. எங்கள் பாக்கெட்டிலும் அச்சிட்டிருந்தோம். பெரியவர்கள் படிப்பார்கள் சரி. முறுக்கைப் பார்த்த குழந்தை படித்துவிட்டா பிரிக்கும்?

அந்தத் தாய்க்கு நான்தான் போன் செய்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. விஷயத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார். பிறகு, "நான் குறிப்பு எழுதாம இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பணத்தைத் திருப்பி அனுப்பினோம். மற்ற பதினாறு பேருக்கும் அன்று இரவே போன் போட்டுச் சொல்லி முடித்தோம்.

அதன் பிறகு சில மாறுதல்கள் செய்தோம். கடலை பற்றிய எச்சரிக்கை இப்போது எந்தப் பிளக்-இன்னையும் நம்பி இல்லை. ஒவ்வொரு பண்டத்தின் விவரத்திலும் முதல் வரியாகக் கையால் எழுதியிருக்கிறோம். எந்த ஜாரைக் கழற்றினாலும் அது அங்கேயே இருக்கும். எனக்கும் குழுப் பெண்களுக்கும் 'கடை மேலாளர்' என்ற அளவில்தான் சாவி. ஆர்டர் பார்க்கலாம், பண்டம் ஏற்றலாம். பிளக்-இன்னைச் சேர்க்கவோ அணைக்கவோ முடியாது. முழுச் சாவி அண்ணன் மகளிடமும், எழுதி உறையிலிட்டுத் தலைவி மதினியின் பீரோவிலும் இருக்கிறது. எதையாவது அணைத்தால் என்ன, எப்போது என்று சுவரில் மாட்டிய காலண்டரில் எழுத வேண்டும். திரும்பப் போட்டதும் அடிக்க வேண்டும். பால் கணக்கு எழுதுகிற கைக்கு இதென்ன கஷ்டம்? எந்த அமைப்பை மாற்றினாலும், அன்றே வாங்குகிறவர் மாதிரி முன்வாசல் வழியாகப் போய் ஒரு பாக்கெட்டைக் கூடையில் போட்டு, பணம் கட்டுகிற இடம் வரை போய்ப் பார்த்துவிடுகிறோம். அக்டோபர் 14-ம் தேதி இரண்டு நிமிஷம் அப்படிப் பார்த்திருந்தால் 45,040 அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

டாஷ்போர்டில் 'தள நலம்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. பழசாகிப்போன பிளக்-இன், உபயோகிக்காமல் கிடக்கும் பிளக்-இன் எல்லாவற்றையும் டாக்டர் மாதிரி எடுத்துச் சொல்லும். மாதம் ஒரு முறை பார்க்கிறோம். புதுப்பிப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறோம். என் எடைக் கட்டத்தையோ, அணைந்து கிடந்த எச்சரிக்கையையோ தவறு என்று அது சொல்லாது என்பதையும் தெரிந்து வைத்திருக்கிறேன்.

தைப் பொங்கலுக்கு முன்னால் அந்த மதுரைத் தாயிடமிருந்து மறுபடி போன். எள்ளுருண்டை அனுப்பலாமா என்று கேட்டார். "வேண்டாம்மா, அதே அறையிலதான் கடலை வறுக்கோம்" என்றேன். "சரி, அரிசியாவது உண்டா?" என்றார். குதிரைவாலி அரிசி இரண்டு கிலோ, அடுப்படிப் பக்கமே கொண்டு போகாமல் தலைவி மதினி தன் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கட்டினார். தபால் கூலி 160 ரூபாய். திரையில் வந்ததை நம்பாமல் நானும் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டு ஒத்துப் பார்த்துக்கொண்டேன்.