‘நெஞ்சு பாரமா இருக்கு’ என்பதை எப்படி அளப்பது?

இதய அறுவை சிகிச்சை வெற்றி என்று மருத்துவர் அறிவிக்கும்போது உயிர் காக்கப்பட்டுவிட்டது. வாழ்க்கை மீண்டதா என்பது வேறு கேள்வி. அதற்குக் கிடைக்கும் விடை, கேட்கப்படும் மொழியைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. கோலார் தங்கவயலை முன்வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன்.

மனநிலைக்கும் மீட்சிக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் பைபாஸ் செய்துகொண்ட 817 பேரை ஆராய்ந்து, புளூமெந்தால் குழுவினர் 2003இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயாளிகளுள் 38 விழுக்காட்டினரிடம் அறுவைக்கு முன்பே மனச்சோர்வு காணப்பட்டது. அது மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களிடம் பிற்கால இறப்பும் கூடுதலாக இருந்தது.

இத்தகைய மனநிலையை அளக்கப் பரவலாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, சிக்மண்ட், ஸ்னெய்த் ஆகிய இருவரும் 1983இல் உருவாக்கிய 14 வினாக்கள் கொண்ட அளவுகோல். உடல்நோயின் அறிகுறி மனநோயாக எண்ணப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, உடல் சார்ந்த வினாக்களைப் பெரும்பாலும் அவர்கள் தவிர்த்தனர். ஆயினும் ஆங்கில மூலத்தின் ஒரு வினா, வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறப்பது போன்ற அச்சம் உண்டா என்று கேட்கிறது. நமக்கோ அச்சம் வந்தால் வயிற்றில் புளியைத்தான் கரைக்கிறது.

சிக்கல் ஒரு மரபுத்தொடரோடு முடிவதில்லை. தமிழில் ‘நெஞ்சு’ மார்பையும் குறிக்கும்; மனத்தையும் குறிக்கும். திருக்குறளின் 125ஆம் அதிகாரமாகிய ‘நெஞ்சொடு கிளத்தல்’ மனத்தோடு பேசுவது. ‘நெஞ்சுவலி’ மார்பில் எழுவது. மார்பெலும்பு பிளந்து கம்பியால் இணைக்கப்பட்ட ஒருவர் ‘நெஞ்சு பாரமா இருக்கு’ என்றால் அது தழும்பின் இறுக்கமா, துயரமா? ‘படபடப்பு’ என்றால் துடிப்பின் கோளாறா, பதற்றமா?

தங்கவயலில் இக்குழப்பம் இன்னும் அடர்த்தியானது. முதிய சுரங்கத் தொழிலாளி ‘மூச்சு வாங்குது’ என்றால், இதயம், அச்சம் இவற்றோடு பாறைத்தூள் தந்த சிலிக்கோசிஸையும் எண்ண வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் நோயறிந்த கம்பெனி மருத்துவமனையும் பின்னர் இல்லாமற்போயிற்று. இதய அறுவைக்கு இன்று கோலாருக்கோ, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கோதான் செல்ல வேண்டும். வேலையையும் ஊரின் பெருமையையும் ஒருங்கே இழந்த தலைமுறையின் துயரத்தை, அறுவைக்குப் பிந்தைய சோர்விலிருந்து பிரித்தறிவதும் எளிதன்று.

தமிழ் மொழிபெயர்ப்புகள் உள்ளனவே எனலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 26 வினாக்கள் கொண்ட வாழ்க்கைத்தர அளவுகோலுக்குத் தமிழ் வடிவம் உண்டு, அது பயனுள்ளதே. ஆனால் இங்கே வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ பயின்றவர் பலர். அவர்களிடம் அச்சிட்ட தமிழ்ப் படிவத்தை நீட்டுவது போதாது. வினாக்களை வாய்மொழியாகக் கேட்க வேண்டும்; ‘பாரம்’, ‘படபடப்பு’ போன்ற சொற்கள் வந்தால் எங்கே, எப்போது, என்ன நினைக்கையில் என்று தொடர்ந்து வினவ வேண்டும். உடலைச் சோதித்து முடிக்குமுன் ‘எல்லாம் மனசுதான்’ என்று தள்ளிவிடுவதும் ஆபத்தே.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. பைபாஸுக்குப் பின் மனச்சோர்வுற்ற 302 பேரிடம் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் நடத்திய சோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது. செவிலியர்கள் 8 மாதங்கள் தொலைபேசி வழியே தொடர்புகொண்டு, மருத்துவர்களோடு இணைந்து கவனித்த நோயாளிகளின் மனநலம் சார்ந்த வாழ்க்கைத்தரம், வழக்கமான கவனிப்பு பெற்றோரினும் மேம்பட்டது. தங்கவயல் பேச்சறிந்த ஒருவர் அவ்வாறு அழைத்துப் பேசுவது இங்கும் இயலக்கூடியதே.

மொழியியல் மாணவர்களுக்கும் இதில் பணி உண்டு. துயரத்தையும் வலியையும் இவ்வூரார் எச்சொற்களால் சொல்கின்றனர் என்று தொகுத்து, இதயநோய்ப் பிரிவுகளுக்கும் உளவியல் துறைகளுக்கும் அளிக்கலாம். வட்டார வழக்கு அகராதிகளுக்காக நாம் கற்ற களப்பணி முறையே இதற்கும் போதும்.