தவளைத் தொட்டியில் கரியமிலவாயு

கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடிகளை வளர்த்து அழகு பார்க்கும் வழக்கம் நம் நாட்டு நகரங்களில் பரவியுள்ளது. செடிகள் செழிக்கும்பொருட்டு நீரில் கரியமிலவாயுவைச் செலுத்தும் சாதனங்களும் அதனோடு வந்து சேர்ந்துள்ளன. மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில் அவற்றைக் கையாளும் முறை ஓரளவு தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. தவளையோ, தலைப்பிரட்டையோ, வாலுடைய நியூட்டோ வாழும் தொட்டியிலும் அம்முறையைக் கையாளலாமா என்பதே கேள்வி. பள்ளித் தொட்டிகளைப் பொறுத்தவரை கூடாது என்பது என் கருத்து.

செடித்தொட்டி பற்றிய ஆங்கில நூல்களில், ஒரு லிட்டர் நீரில் 30 மில்லிகிராம் வரை கரியமிலவாயு கரைந்திருப்பது பாதுகாப்பானது என்று மீண்டும் மீண்டும் காண்கிறோம். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவனுக்கு இத்தகைய வாக்கியம் ஒரு சங்கடம். தமிழில் எழுதத் தொடங்கியதும், யாருக்குப் பாதுகாப்பு என்ற வினா எழுகிறது. நான்காம் வேற்றுமையின்றி வாக்கியம் நிறைவு பெறுவதில்லை. மூலத்தை ஊன்றிப் படித்தால், அவ்வளவு மீன்களைக் கருதிச் சொல்லப்பட்டது என்பது விளங்கும். தவளையைப் பற்றி அங்கே பேச்சில்லை.

அந்த 30 என்னும் எண்ணின் பருமனையும் கருதவேண்டும். திறந்த காற்றோடு சமநிலை கொண்ட நீரில், 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில், லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் கரியமிலவாயுவே கரைந்திருக்கும். ஆகவே 30 என்பது அதைப்போல் 50 மடங்கு. இலைதழை அழுகும் குளங்களில் இயற்கையாகவே இவ்வாயு மிகுந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் குளத்துத் தவளை கரையேறிப் போய்விடலாம். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைபட்டதற்கு அவ்வழி இல்லை.

“தவளைக்கு நுரையீரல் உண்டு, மேலே வந்து காற்றை உட்கொள்கிறது, நீரில் எந்த வாயு இருந்தால் அதற்கென்ன?” என்று கேட்பவர்கள் உளர். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் தலைகீழானது. டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக், தவளையின் தோற்சுவாசத்தையும் நுரையீரற்சுவாசத்தையும் தனித்தனியே அளந்து 1904ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். தவளையின் உடலினின்று கரியமிலவாயு பெரும்பாலும் தோல் வழியாகவே வெளியேறுகிறது என்பது அவர் கண்ட உண்மை. நுரையீரல் சிறப்பாகப் பிராணவாயுவை உள்ளே கொணரும் வாயில். தோலோ கழிவுவாயுவை வெளியேற்றும் வாயில். சுற்றிலுமுள்ள நீரில் அதே வாயு செறிந்திருக்குமானால், வெளியேறும் வாயில் ஏறக்குறைய அடைபட்டதுபோல் ஆகிறது. குருதியில் வாயு தேங்கி, அமிலத்தன்மை கூடுகிறது. அளவு மேலும் ஏறினால் மயக்கமும் முடிவில் மரணமும் நேரும். பிராணவாயு எவ்வளவு நிறைந்திருப்பினும் இத்தேக்கம் நீங்காது.

தலைப்பிரட்டைகளின் நிலை இதினும் இரங்கத்தக்கது. அவை செவுளையும் தோலையும் நம்பி வாழ்வன. தேரையினத்துத் தலைப்பிரட்டைகளுக்கு உருமாற்றக் காலம்வரை நுரையீரலே பயன்படுவதில்லை. பள்ளிச் சிறுவர்கள் மழைக்காலத்தில் குட்டையிலிருந்து முகந்து வருவனவற்றுள் இவையும் இருக்கும். மெக்ஸிகோவின் ஸோச்சிமில்கோ ஏரியைத் தாயகமாகக் கொண்ட ஆக்ஸலாட்டலுக்கு மற்றொரு சிக்கல். அது 16 முதல் 18 டிகிரி வரையுள்ள குளிர்நீரை விரும்பும் பிராணி. குளிர்நீரில் வாயு அதிகமாகக் கரையும். செடிகளோ குளிரில் மெதுவாக வளர்ந்து, வாயுவைக் குறைவாகவே உட்கொள்ளும்.

அபாயத்தை அறிவிக்கும் அடையாளமும் தவளைத் தொட்டியில் மறைந்துபோகிறது. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடினால், ஏதோ கோளாறு என்று பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால் ஆப்பிரிக்க நகத்தவளையும் குள்ளத்தவளையும் நாள்தோறும் மேலே வந்து காற்றுக் குடிப்பவை. அடிக்கடி வருவது வழக்கமா, வேதனையா என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். மேலும், தவளை தாவிவிடாதபடி இத்தொட்டிகளை இறுக மூடிவைப்பது வழக்கம். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான கரியமிலவாயு மூடிக்குக் கீழே நீர்மட்டத்தின்மேல் தங்குகிறது. மூச்சுக்கென்று மேலே வரும் பிராணி அதையே உட்கொள்ள நேர்கிறது.

சாதனங்களைப் பற்றியும் சில சொல்லவேண்டும். சிக்கனம் கருதிப் பலர் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் இட்டுப் புட்டியில் நொதிக்கவைத்து, அதன் வாயுவைக் குழாய் வழியே தொட்டிக்குள் விடுகிறார்கள். பள்ளிக்கு ஏற்றது போலத் தோன்றும் இம்முறையே மிகவும் அஞ்சத்தக்கது என்பேன். இரவில் செடிகளும் கரியமிலவாயுவை வெளிவிட்டுப் பிராணவாயுவை உட்கொள்கின்றன. அப்பொழுது வாயுவை நிறுத்தியாக வேண்டும். ஈஸ்ட் புட்டியை நிறுத்த விசை கிடையாது. வெயில் ஏற ஏற நொதித்தலும் வேகமாகும். உருளையில் அடைத்த வாயுவுக்கு விசை உண்டு. ஆனால் மலிவான ரெகுலேட்டர்கள் சில, உருளை காலியாகும் தறுவாயில் வாயுவைத் திடீரென்று மிகுதியாக விட்டுவிடுகின்றன. சனிக்கிழமை மாலையில் பூட்டிய ஆய்வுக்கூடத்தை திங்கட்கிழமை காலையில் திறக்கும் உபாத்தியாயர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நிறம் காட்டும் சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்றைத் தொட்டியில் தொங்கவிட்டால் போதாதா எனலாம். அதிலுள்ள புரோமோதைமால் நீலக் கரைசல், வாயு குறைந்தால் நீலமாகவும், ஏறக்குறைய 30 மில்லிகிராமில் பச்சையாகவும், மிகுந்தால் மஞ்சளாகவும் மாறும். நிறம் மாற ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும் என்பது ஒரு குறை. அதன் பச்சை, மீனுக்குக் கூறிய பச்சை என்பது அதனினும் பெரிய குறை.

இனி, கற்பித்தல் நோக்கில் ஒரு வார்த்தை. பிரீஸ்ட்லி 1771ஆம் ஆண்டில், மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச்செடி மீண்டும் சீர்செய்வதைக் கண்டார். பிராணி விடும் மூச்சைச் செடி கொள்வதும், செடி விடுவதைப் பிராணி கொள்வதும் கண்முன் நிகழும் இடம் கண்ணாடித் தொட்டி. அங்கே உருளையிலிருந்து வாயுவைப் புகுத்தினால் பாடமே மறைந்துவிடுகிறது. செடிக்கு உணவு கடையிலிருந்து வருகிறது என்றுதான் மாணவன் எண்ணுவான். புனலின்கீழ் ஹைட்ரில்லாவை வைத்து, ஒரு சிட்டிகை சோடா உப்பு இட்டதும் குமிழிகள் பெருகுவதை எல்லாப் பள்ளிகளிலும் காட்டுகிறோம். ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் நீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ள வல்லவை என்பதையும் கூடவே சொல்லலாம். நம் ஊர்க் கிணற்று உப்புநீரில் இவை வாயுக்குழாய் இன்றியே நன்கு வளரும். நிழலில் வளரும் ஜாவாப் பெரணியும் அப்படியே. செந்நிற இலைகளின் கவர்ச்சி இவற்றுக்கு இல்லைதான். தவளைக்கு அதனால் குறையொன்றும் இல்லை.

செந்நிறச் செடிகளே வேண்டுமென்பவர்கள் பிராணிகள் இல்லாத தனித்தொட்டியில் வாயு செலுத்தி வளர்த்து, பின்னர் அவற்றை அலசித் தவளைத் தொட்டிக்கு மாற்றி நடலாம். முன்பே தவளைத் தொட்டியில் வாயுக்குழாய் வைத்திருப்பவர்கள், அதை எடுத்துவிடும் நாள்வரை, விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் வாயு விடுக. கண்ணாடி மூடியை நீக்கி வலைமூடி இடுக. நீர்மட்டம் சலசலத்துக் கொண்டிருக்குமாறு செய்க. அதனால் வாயு வீணாகும் என்று கடைக்காரர் குறைகூறுவார். பிராணி சோர்ந்து கிடந்தாலோ, ஓயாமல் மேலே வந்தாலோ முதலில் வாயுவை நிறுத்திக் காற்றுக்கல்லை இயக்கவேண்டும். அடுத்து, குளோரின் நீங்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரைக்கொண்டு நாலில் ஒரு பங்கை மாற்றலாம். நீர் முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் அமிலநிலை திடீரென்று மாறி, இளைத்த பிராணியை மேலும் வருத்தும்.