பன்னீர் திராட்சையும் பொடி எழுத்தும்

கொடைரோட்டில் பன்னீர் திராட்சை வாங்குபவர் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பார்; இனித்தால் ஒரு கிலோ. அதே ஆள் சூப்பர் மார்க்கெட்டில் ஜூஸ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தபடி கால் மணி நேரம் நிற்கிறார்.

பார்க்க வேண்டியவை கூடினால் கை தயங்கும். கலிபோர்னியக் கடையொன்றில் 24 வகை ஜாம் வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேரே வாங்கினர். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இது.

டப்பாக்களும் லேசுப்பட்டவை அல்ல. அடர்சாற்றில் தண்ணீர் கலந்ததை ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று சொல்லக் கூடாதென 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது.

முழு லேபிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். எடையில் அதிகமுள்ள பொருளே பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை தென்பட்டால், டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும்.