பத்து மாச அட்வான்ஸ் என்கிற வட்டியில்லாக் கடன்

மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் பி.காம். முடித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட், கைக்கு மாசம் 22,000. ஊரில் அதற்கே ஸ்வீட் கொடுத்தாகிவிட்டது. அம்மாவையும் தங்கையையும் அழைத்து வர வேண்டும், தங்கைக்கு இங்கேயே காலேஜ். மன்னை எக்ஸ்பிரஸ்ஸில் விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, குரோம்பேட்டைத் தெருக்களில் டு-லெட் போர்டு தேடி நடக்கிறான். ஒரு போர்டில் 'சைவம் மட்டும்'. இன்னொரு வீட்டில் போர்டு சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாசலில் நிற்கும் பெரியவர் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, "அங்க எந்தத் தெரு?" என்று சுற்றி வளைக்கிறார். அவர் எங்கே வந்து நிற்கப் போகிறார் என்பது இந்தத் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது! அது தனிக் கதை, இன்றைக்கு வேண்டாம்.

கால் ஓய்ந்துபோய்ப் புரோக்கரைப் பிடிக்கிறான். ஒரு வீடு திறக்கிறது.

"வாடகை பத்தாயிரம் தம்பி. அட்வான்ஸ் ஒரு லட்சம். மெயின்டனன்ஸ் தனி. காலி பண்றப்ப பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை புடிச்சுக்குவோம்."

"சார், அட்வான்ஸ் கொஞ்சம்..."

"சென்னையில எல்லாருமே பத்து மாசம்தான் தம்பி வாங்குறாங்க."

இந்த 'எல்லாருமே'தான் இங்கே சட்டம். இந்தச் சட்டத்தின் வரவு செலவைக் கொஞ்சம் பார்ப்போம் (பி.காம். படித்ததற்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?).

அட்வான்ஸ் 1,00,000. முதல் மாச வாடகை 10,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 10,000. ஆக, சாவி கைக்கு வர 1,20,000. அதாவது இன்னும் வாங்காத சம்பளத்தில் ஐந்தரை மாசம்! இந்தப் பணம் எங்கிருந்து வரும்? அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும். அட்வான்ஸுக்கான அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டி என்று வைத்தால்கூட 9,000. மாசம் 750. இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தால், பெயின்டிங் பிடித்தத்தையும் புரோக்கர் காசையும் 24 மாசத்துக்குப் பிரித்துப் பாருங்கள், தலைக்கு 417 ரூபாய் வருகிறது. ஆக வாயால் சொன்ன வாடகை 10,000, உண்மையான வாடகை 11,584. (கரண்ட் கணக்கு இதில் சேரவில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. பல வீடுகளில் அது சப்-மீட்டர் வரைக்கும் வந்து சேருவதே இல்லை.)

சொந்த வீடு உள்ளவருக்கு, வீடில்லாதவன் நகையை அடகு வைத்து வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறான். இதற்கு 'பாதுகாப்பு' என்று பெயர் வேறு.

வீட்டுக்காரர் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. வாடகை பாக்கி வைத்து ஓடுகிறவர்கள் உண்டு, குழாயை உடைத்து வைப்பவர்கள் உண்டு. காலி செய்யச் சொன்னால் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் இழுத்தவர்கள் கதையும் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் ஒரு போர்ஷன் வாடகையில் மருந்து வாங்கும் பெரியவர்களும் உண்டு. சரி. ஆனால் மூன்று மாச வாடகை கையில் இருந்தால் பாக்கியும் குழாயும் அதற்குள் அடங்காதா? மீதி ஏழு மாசம் எதற்கு?

வேடிக்கை என்னவென்றால், சட்டம் என்றைக்குமே பத்து மாசம் சொன்னதில்லை. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. சில வகைக் கட்டடங்களுக்கு விலக்கு இருந்தது, போகட்டும். அந்தச் சட்டம் இருந்த காலத்திலேயேதான் சென்னை கூச்சமே இல்லாமல் பத்து மாசம் வாங்கிப் பழகியது. பிறகு 2017-இல் புதுச் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், காலி செய்த ஒரு மாசத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும், மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம். கேட்க நன்றாக இருக்கிறதா? அந்த மூன்று மாச விதியின் தலையிலேயே ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும்! பெட்டியோடு வாசலில் நிற்பவனையும் சாவியோடு உள்ளே நிற்பவரையும் 'இரு தரப்பு' என்று ஒரே தராசில் வைத்த புண்ணியவான் யாரோ. இந்த ஒரு வரியை எடுக்காத வரைக்கும் மூன்று மாசம் என்பது காகிதத்தில்தான். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டே மாசம் என்கிறது. அதில் இந்த மாதிரி நழுவல் இல்லை.

அட்வான்ஸ் திரும்பி வரும் லட்சணத்தைப் பார்த்தால்தான் இது பாதுகாப்புக்காக வாங்கியதே இல்லை என்று புரியும். பாதுகாப்புக்கு வாங்கியது என்றால் பேங்கில் அப்படியே இருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அது பொறுப்பு, வருமானம் இல்லை. முதல் வருஷ அக்கவுண்டன்ஸி மாணவனைக் கேட்டால் சொல்லுவான். ஆனால் அது மாடியில் இன்னொரு போர்ஷனாக எழும்பி எத்தனையோ நாள் ஆகியிருக்கும். காலி செய்கிறேன் என்று சொன்னதும் பதில் தயாராக வருகிறது.

"அடுத்த ஆள் வரட்டும் தம்பி. அவங்க அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுக்குத் தர்றேன்."

இப்போது அந்தப் பையன் என்ன செய்வான்? தங்கைக்குப் படிப்பு முடிந்தது, வேலை வேறு பக்கம் மாறியது, புது வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். பழையது வந்தால்தான் புதியதைக் கொடுக்க முடியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அவனே கதவைத் திறக்கிறான். விழுப்புரத்திலிருந்தோ தேனியிலிருந்தோ வந்த இன்னொரு பையன், கையில் பை. மழைக்குச் சுவரில் ஓதம் ஏறிய இடத்தில் அம்மாவின் பீரோவை நகர்த்தி வைத்தாகிவிட்டது. "தண்ணி எப்படிங்க?" என்று கேட்கிறான் வந்தவன்.

"பிரச்சனையே இல்லை பாஸ், இருபத்தி நாலு மணி நேரமும் வரும்."