பேய் இருக்கட்டும், சத்தத்தைக் குறைப்போம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை எழுந்தது. மாதம் ஒரு முறை நாம் திரையிடும் தமிழ்ப் படங்களில் இனிமேல் பேய்ப் படமே கூடாது என்பது அந்தக் கோரிக்கை. போன முறை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று குழந்தைகள் இரவெல்லாம் தூங்கவில்லையாம். தாய்மார்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்று நானும் அரங்கில் இருந்தேன். கதவு திறந்தால் டமால், பூனை ஓடினால் டமால், கதாநாயகியின் தோளில் அவள் தோழி கை வைத்தால்கூட டமால்! குழந்தைகள் கிடக்கட்டும், என் வயதுக்காரர்களுக்கே இரத்த அழுத்தம் ஏறியிருக்கும். ஆனாலும் அந்தக் கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டத்தில் பேச நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

குற்றம் பேயின் மீது இல்லை, சத்தத்தின் மீது என்பது என் கட்சி. பயம் வேறு, திடுக்கிடல் வேறு. முதலாவதற்குக் கலை வேண்டும். இரண்டாவதற்கு ஒரு காகிதப் பையை ஊதி காதருகில் உடைத்தால் போதும்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த டிப்ளமாக்காரனுக்கு சினிமாவைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான். இருட்டில் காதை நம்பி நடந்திருக்கிறேன். காஜிப்பேட்டை - பல்லார்ஷா பிரிவில் மழைக்காலத்தில் இரவு ரோந்து போகும் தொழிலாளர்களின் வேலையைப் பார்வையிட நானும் அவர்களோடு நடப்பது உண்டு. கையிலிருக்கும் விளக்கின் வெளிச்சம் சில ஸ்லீப்பர் கட்டைகள் தூரம்தான் எட்டும். அதற்கு அப்பால் காடு. வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறது என்றால் முதலில் தண்டவாளம் மெல்ல முனகும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும், எஃகில் ஏறத்தாழ 5000 மீட்டர். ஆகவே காற்று சொல்வதற்கு முன் இரும்பு சொல்லிவிடும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது, வருகிறது என்று மட்டும் தெரியும். வளைவு திரும்பி வெளிச்சம் முகத்தில் அடிக்கும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். ஒதுங்கி நின்று விளக்கைக் காட்டி விசில் ஊத வேண்டியதுதான்.

கேட்பதற்கும் காண்பதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் பயம் குடியிருக்கிறது. அந்த இடைவெளியை எவ்வளவு நேரம் இழுக்கலாம், எப்போது அறுக்கலாம் என்று தெரிந்தவரே நல்ல திகில் பட இயக்குநர். காமிராவும் ஒலியும் அவருக்கு இரண்டு கைகள்.

திடுக்கிடலுக்கும் எங்கள் ரயில்வேயில் ஓர் உபகரணம் உண்டு. டெட்டனேட்டர் என்போம். மூடுபனியில் சிக்னல் தெரியாத நேரத்தில் தண்டவாளத்தின் மேல் வைத்துக் கட்டிவிடுவார்கள். சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் உஷாராகி விடுவார். எப்போதாவது வெடிப்பதால்தான் அதற்கு மதிப்பு. பத்தடிக்கு ஒன்று கட்டி வைத்தால் எந்த டிரைவர் சட்டை செய்வார்? இன்றைய பேய்ப் படங்களில் பாதி, பத்தடிக்கு ஒரு டெட்டனேட்டர் கட்டிய பாதைதான்.

இந்த வித்தியாசத்தை நம்மவர்களில் வெகு காலத்திற்கு முன்பே புரிந்துகொண்டவர் வீணை எஸ்.பாலசந்தர். 1954-ல் ஏவி.எம். நிறுவனத்திற்காக 'அந்த நாள்' படத்தை இயக்கியபோது அவருக்கு வயது இருபத்தேழு. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் அது. சிவாஜி கணேசன் கதாநாயகன். ஆனால் படம் தொடங்கிய உடனேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி சுருண்டு விழுந்து இறந்துபோகிறார்! பிறகு ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல அவர் கதை விரிகிறது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துக் கதை. எஸ்.மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகத்தில் பாதிக்குத்தான் வெளிச்சம், மீதிப் பாதி இருட்டு. அது பேய்ப் படம் அல்லதான், கொலைக் கதை. ஆனாலும் அந்த இருட்டுப் பாதியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பவன் தவிக்கிறான் அல்லவா, பின்னால் வந்த பேய்ப் படங்களுக்கெல்லாம் அதுதான் அரிச்சுவடி. வெளிவந்தபோது படம் சரியாக ஓடவில்லை. பாட்டில்லாத படத்தை நம் ஜனங்கள் அன்று மன்னிக்கவில்லை!

பத்து ஆண்டுகள் கழித்து 1964-ல் அவரே 'பொம்மை' எடுத்தார். ஒருவரைக் கொல்வதற்காக வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை கை மாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை வாங்குகிறவர்களுக்கு விஷயம் தெரியாது, நமக்குத் தெரியும். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய்ப் பெயர் வாங்கிய ஹிட்ச்காக், மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருக்கும் உதாரணத்தைச் சொல்லி இதைத்தான் விளக்குவார். முன்னறிவிப்பு இல்லாமல் குண்டு வெடித்தால் ரசிகனுக்குச் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டு, மேசையைச் சுற்றி இருப்பவர்களை அரட்டை அடிக்க விட்டால் கால் மணி நேரம் தவிப்பு. 'பொம்மை' படம் முழுவதும் அந்தக் கால் மணி நேரத்தின் நீட்சிதான்.

வீணைக்காரர் என்பதால் இது அவருக்குக் கைவந்தது என்று நினைக்கிறேன். ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துப் பல ஸ்வரங்களைப் பேச வைப்பவர் அவர். மீட்டிய ஒலி தேய்ந்துகொண்டே போகும்போது, அடுத்த ஸ்வரம் எப்போது வரும் என்று காத்திருக்க வைப்பது வீணையின் குணம். அந்தக் காத்திருப்பைத்தான் அவர் படத்திலும் வைத்தார். 1970-ல் 'நடு இரவில்' வந்த பிறகு வீணையோடேயே இருந்துவிட்டார். 1990 ஏப்ரலில், நம் ரயில்வேக்குத் தண்டவாளம் தயாரிக்கும் பிலாய் நகரில் அவர் காலமானார் என்று படித்தபோது, எனக்கு அது சம்பந்தமில்லாத செய்தியாகப் படவில்லை.

காமிராவின் வேலை காட்டுவது என்று நினைக்கிறோம். திகில் படத்தில் அதன் முக்கிய வேலை காட்டாமல் இருப்பது. நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். அமீர்ப்பேட்டையில் வீடியோ கேசட் கடை வைத்திருந்த ராம் கோபால் வர்மா 1989-ல் 'சிவா' எடுத்தார். தமிழில் 'உதயம்' என்று வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டெடிகாம் என்ற கருவியைத் தெலுங்குப் படவுலகம் அதில்தான் கண்டது. காமிராவை ஆளின் உடம்போடு கட்டி, நடக்கும்போது ஏற்படும் ஆட்டத்தை ஸ்பிரிங் வைத்த கை ஒன்று வாங்கிக்கொள்ளும். ரயில் பெட்டிக்குக் கீழே ஸ்பிரிங் எதற்கோ அதற்கேதான். அதே இயக்குநர் 1992-ல் ரேவதியை வைத்து 'ராத்ரி' எடுத்தார். ஆளரவமே இல்லாத இடங்களில் ரேவதி தனியே நடப்பார். காமிரா தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டே போகும். யார் கண்ணால் நாம் பார்க்கிறோம் என்று படம் சொல்லாது. மனிதன் நடந்தால் பார்வை குலுங்க வேண்டும், இது குலுங்கவில்லையே என்று நம் மனம் தானாகக் கணக்குப் போடும். முதுகுத்தண்டு சில்லிடுவது அந்தக் கணக்கினால்தான்.

ஸ்டெடிகாமின் முழு வித்தையையும் பார்க்க வேண்டுமானால் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) பார்க்க வேண்டும். வெறிச்சோடிய பெரிய ஓட்டல். ஒரு சிறுவன் மூன்று சக்கர சைக்கிளில் தாழ்வாரம் தாழ்வாரமாகச் சுற்றுகிறான். காமிரா அவன் உயரத்திலேயே பின்னால் போகிறது. சக்கரம் மரத் தரையில் உருளும்போது கடகடவென்று சத்தம், கம்பளத்தில் ஏறியதும் சட்டென்று நிசப்தம், மறுபடி மரம், மறுபடி கம்பளம். பெட்டியில் படுத்துக்கொண்டு தண்டவாள இணைப்புகளை எண்ணிப் பழகிய எனக்கு அந்தத் தாளம் உடனே பிடிபட்டது. தாளம் பிடிபட்டபின் நாம் அடுத்த திருப்பத்திற்காகக் காத்திருக்க ஆரம்பிக்கிறோம். திருப்பத்தில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்த இரண்டு திருப்பங்கள்தான் மூன்றாவதற்குப் பலம். நம் படக்காரர்கள் இந்த இரண்டு திருப்பங்களுக்குப் பொறுமை காட்டுவதில்லை, முதல் திருப்பத்திலேயே பேயை நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அறிவழகன் இயக்கிய 'ஈரம்' (2009) தண்ணீரை வைத்தே பயமுறுத்தியது. மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவில் படம் முழுவதும் மழை மேகத்து வெளிச்சம். சொட்டும் குழாயும் தரையில் பரவும் ஈரமும் பேய்க்குப் பதிலாக நடித்தன. 'வைசாலி' என்று தெலுங்கிலும் வந்ததால் நம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்த படம். அதே ஆண்டு வந்த 'யாவரும் நலம்' படத்தில் பி.சி.ஸ்ரீராம் பளிச்சென்ற புது அடுக்குமாடி வீட்டைக் காட்டியே கலங்க வைத்தார். அங்கே இருட்டுப் பங்களாவும் இல்லை, வௌவாலும் இல்லை. கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) வந்தபோது எனக்கு என் ரோந்து விளக்கு ஞாபகம் வந்தது. விஜய் சேதுபதி கையிலுள்ள டார்ச் எங்கே திரும்புகிறதோ அவ்வளவுதான் உலகம்.

என் பேரனுக்குப் பதினொரு வயது. ஒரு நாள் வீட்டில் பேய்ப் படம் ஓடும்போது பயந்துபோய் கண்ணை மூடிக்கொண்டான். "கண்ணை மூடாதே, சத்தத்தை நிறுத்திப் பார்" என்றேன். நிறுத்தினான். இரண்டு நிமிடத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "தாத்தா, அந்த அக்கா சும்மா படிக்கட்டு ஏறிட்டு இருக்காங்க, அவ்ளோதான்!" பிறகு சத்தத்தை வைத்துவிட்டுத் திரையைத் துணியால் மூடினேன். சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். எங்கே பயம் இருக்கிறது என்று அவனுக்கு அன்றே புரிந்துவிட்டது. இப்போது அவனே "இந்த இடத்துல வயலினைக் கூட்டுறாங்க, ஒண்ணு வரப்போகுது" என்று முன்கூட்டியே சொல்கிறான். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிள்ளை அறைக்குள் மாட்டிக்கொண்டாலும் கதறாது.

பெரியவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் விக் டாண்டி என்ற பொறியாளர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பேய் நடமாடுவதாகப் பேச்சு. அவரே ஓர் இரவு ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தைக் கண்டார். மறுநாள் இடுக்கியில் பொருத்தி வைத்திருந்த வாள் ஒன்று தானாக அதிர்வதைப் பார்த்துத் துருவினார். புதிதாக மாட்டிய காற்றாடி விசிறி, நொடிக்கு சுமார் 19 அதிர்வுள்ள, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. 1998-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். எல்லாப் பேயும் விசிறிதான் என்று நான் சொல்ல வரவில்லை. காதைக் கேட்காமலேயே உடம்பு பயப்படக்கூடும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி நம் சங்கத்து விஷயம். நம் குழந்தைகள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கனியும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். பலருக்குத் தமிழ் படிக்க வராது. நகைச்சுவைப் படம் போட்டால் சிலேடை புரியாமல் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அரை மணியில் செல்பேசியை எடுத்துவிடுகிறார்கள். திகில் படத்தில் மட்டும் பாட்டியும் பேத்தியும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்கிறார்கள். அடுத்த அறையில் யாரோ தாழ்ந்த குரலில் ஒரு தமிழ் வாக்கியம் பேசினால், அது என்ன என்று காதைத் தீட்டிக் கேட்கிறார்கள். தமிழை இவ்வளவு கவனமாக அவர்கள் கேட்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதையும் தடை செய்துவிட்டால் மாதாந்திரக் காட்சிக்கு நாம் வெள்ளைத் தலைகள் மட்டும்தான் வருவோம்.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அன்று பக்கத்து அறையில் வேறு ஏற்பாடு செய்யலாம். முதலில் 'பொம்மை' போடுவோம், அடுத்த மாதம் 'அந்த நாள்'. பிறகு வேண்டுமானால் 'ஈரம்'. படம் முடிந்ததும் ஒரு காட்சியை மட்டும் சத்தமில்லாமல் ஒரு தடவை, சத்தத்தோடு ஒரு தடவை போட்டுக் காட்டி குழந்தைகளைப் பேச விடுவோம். நம் அரங்கில் ஒலிபெருக்கி இரண்டையும் மேடையின் ஒரே பக்கம் வைத்து, பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று முழு அளவில் திருகிவிடுகிறார்கள். முன்வரிசைக் குழந்தைகள் அலறியதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒன்றை முன்னாலும் ஒன்றை நடுவிலும் மாட்டினால் பாதிச் சத்தமே போதும். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணியும் வேண்டும். ஒயர் இழுப்பதற்கும் பெட்டி மாட்டுவதற்கும் அடுத்த காட்சிக்கு முந்தின நாள் மாலை நான் வருகிறேன். ஏணி பிடிக்க இளைஞர்கள் இருவர் வந்தால் போதும்.