லென்ஸ் நிரபராதி, யுவர் ஆனர்!

போன வாரம் ஒரு அண்ணாகிட்ட மன்னிப்புக் கேட்கப் போனேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லென்ஸ் விற்கிற அண்ணா. என்ன மேட்டர்னு கேளுங்க.

எங்க தாத்தாவுக்கு பி.பி. மாத்திரை அட்டையில் எக்ஸ்பயரி தேதியைப் படிக்கவே முடியாது. ஒவ்வொரு தடவையும் 'கண்ணு, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு'ன்னு நீட்டுவார். தேர்ட் இயர் மினி ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா கிடைச்சாச்சு! அட்டையை ஒரு பெட்டிக்குள் வெச்சா, கேமரா படம் எடுத்து, தேதியைச் சத்தமா சொல்லணும். நாலு பேர் டீம். கேமரா போர்டுக்கு ஒரு குட்டி லென்ஸ், 450 ரூபாய்.

படம் வந்துச்சு. தேதிதான் வரலை. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையா ஏதோ மங்கலாத் தெரிஞ்சுது. 'லென்ஸ் டுபாக்கூர் மச்சி'ன்னு டீமில் ஒருத்தன் தீர்ப்பே எழுதிட்டான். ஆதாரம் வேணுமே? நெட்டில் ஒரு டெஸ்ட் சார்ட்டை டவுன்லோட் பண்ணி, லேப் பிரிண்டரில் அடிச்சோம்.

கண் டாக்டர் ரூமில் எழுத்து அட்டை மாட்டியிருக்கும் இல்லையா? அதுமாதிரி லென்ஸுக்கான அட்டை இது. 1951-ல் அமெரிக்க விமானப்படை கொண்டுவந்த டிசைன். மூணு கோடு படுத்திருக்கும், மூணு கோடு நிற்கும். இதுதான் ஒரு செட். ஆறு செட் சேர்ந்தா ஒரு குரூப். ஒவ்வொரு செட்டிலும் கோடுகள் முந்தையதைவிடச் சுமார் 12 சதவிகிதம் நெருக்கமாகும். அடுத்த குரூப் போனா சரியா ரெண்டு மடங்கு. குரூப் 0-வின் முதல் செட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கறுப்பு-வெள்ளை ஜோடின்னா, குரூப் 3-ன் முதல் செட்டில் 8 ஜோடி. எந்த செட்டில் மூணு கோடும் ஒண்ணாக் கலந்துடுதோ, அதுக்கு முந்தைய செட்தான் லென்ஸோட எல்லை. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் பக்கம் பாலைவனத் தரையிலேயே இந்தக் கோடுகளைப் பிரமாண்டமா போட்டு வெச்சிருக்காங்க. பறந்துக்கிட்டே படம் எடுக்கிற கேமராக்களை டெஸ்ட் பண்ணத்தான்!

எங்க படத்தில் குரூப் 2 முடியறதுக்குள்ளேயே கோடெல்லாம் கூழ். பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேரா கடை. நாலைஞ்சு கஸ்டமர் நிற்கும்போதே 'டூப்ளிகேட் விற்கிறீங்களா?'ன்னு கத்திட்டோம். ரெண்டு பேர் வாங்காமலே நகர்ந்துட்டாங்க. அண்ணா ஒண்ணும் பேசலை. பழசை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுட்டு, வேற லென்ஸ் கொடுத்தார்.

புது லென்ஸை மாட்டினோம். சொல்லி வெச்ச மாதிரி அதே செட்டில் கோடெல்லாம் கூழ்! ரெண்டு லென்ஸும் ஒரே இடத்தில் எப்படிங்க தோற்கும்?

லேப் அசிஸ்டென்ட் அக்காதான் கேட்டாங்க: 'லென்ஸை டெஸ்ட் பண்ணினீங்க, சரி. சார்ட்டை யாருப்பா டெஸ்ட் பண்ணினது?' பூதக்கண்ணாடியை வெச்சு பேப்பரைப் பார்த்தோம். அசடு வழிஞ்சுது. பேப்பர்லயே கோடுகள் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு! 600 டி.பி.ஐ. பிரிண்டரால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 24 புள்ளிதான் வைக்க முடியும். கணக்குப்படி 12 ஜோடிகூடத் தேறாது. இங்க் தூள் பரவறதால் அதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க பேப்பர் கையை விரிச்சிடுச்சு. நல்ல சார்ட்டுகளைக் கண்ணாடித் தகட்டில் குரோமியம் பூசிச் செய்யறது இதுக்காகத்தான்.

நாங்கதான் மக்குன்னு நினைச்சேன். அப்புறம் ஹப்பிள் டெலஸ்கோப் கதையைப் படிச்சேன். 1990 ஏப்ரலில் விண்வெளிக்குப் போச்சு. 2.4 மீட்டர் கண்ணாடி. வந்த படமெல்லாம் மங்கல்! கண்ணாடியைச் சோதிச்ச கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்திருக்கு. அந்தத் தப்பான கருவியை நம்பி, கண்ணாடியை ரொம்பத் துல்லியமா, தப்பான வடிவத்துக்குத் தேய்ச்சிருக்காங்க. இதில் கொடுமை என்னன்னா, வேற டெஸ்ட்டுகள் 'ஏதோ சரியில்லை'ன்னு சொல்லியிருக்கு. 'அதெல்லாம் அவ்வளவு துல்லியம் கிடையாது'ன்னு ஒதுக்கிட்டாங்க. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்த்தான் சரி பண்ணினாங்க.

வைவாவுக்கு ரெண்டு நாள்தான் பாக்கி. 'லென்ஸ் ஃபால்ட்டுன்னே ரெக்கார்டில் எழுதிடலாம், யார் செக் பண்ணப் போறாங்க?'ன்னு டீமில் ஒரு குரல். உண்மையைச் சொல்றேன், எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா டப்பாவுக்குள் போன அந்த முதல் லென்ஸ் கண்ணுக்குள்ளேயே நின்னுச்சு.

அக்கா ஒரு வழி சொன்னாங்க. ஒரு புது ஷேவிங் பிளேடு, பின்னாடி டிரேசிங் பேப்பர், அதுக்குப் பின்னாடி லைட். பிளேடை நேரா வைக்காம சுமார் 5 டிகிரி சாய்ச்சு வெச்சுப் படம் எடுக்கணும். சாய்ஞ்சிருக்கிறதால் அந்த விளிம்பு ஒவ்வொரு பிக்ஸல் வரிசையையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வெட்டும். எல்லா வரிசையையும் சேர்த்துப் பார்த்தா, கறுப்பு எவ்வளவு சட்டுனு வெள்ளையா மாறுதுன்னு ஒரு பிக்ஸலைவிட நுணுக்கமாத் தெரியும். டிஜிட்டல் கேமராவுக்கான ஐ.எஸ்.ஓ. 12233 முறையிலும் இந்தச் சாய்ந்த விளிம்பு இருக்கு. ரிசல்ட்? லென்ஸ் சூப்பர்!

அப்போ தேதி ஏன் தெரியலை? குற்றவாளி எங்க எல்.இ.டி. அலுமினிய அட்டையில் மை இல்லாமல் அழுத்தின எழுத்து. மேலிருந்து நேரா லைட் அடிச்சா எல்லாமே பளபள. லைட்டைப் பக்கவாட்டில் தாழ்வா வெச்சோம். எழுத்துக்கு நிழல் விழுந்துச்சு, தேதி பளிச்!

அப்புறம்தான் கடைக்குப் போனேன். 'அண்ணா, ஸாரி. உங்க லென்ஸ் நல்ல லென்ஸ். தப்பு எங்க மேல.' டப்பாவிலிருந்து அதை எடுத்துத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: 'நல்லவேளை வந்து சொன்னேப்பா. நாளைக்கு சப்ளையர்கிட்ட சண்டைக்குப் போறதா இருந்தேன்.' ஒரு மட்டமான பிரிண்ட் எத்தனை பேரைத் தாண்டிப் போகப் பார்த்துச்சு பாருங்க!

வைவாவில் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தோம். பெட்டி இப்போ வீட்டில்தான் இருக்கு. முதல் நாளே தாத்தாவோட ஒரு அட்டை மூணு மாசம் முன்னாடியே காலாவதின்னு சொல்லிடுச்சு. அதை நம்பிடலையே நாங்க... பூதக்கண்ணாடியில் ஒரு தடவை செக் பண்ணிட்டுத்தான் தூக்கிப் போட்டோம்!